"எல்லாம் படிச்சிட்டேன்ம்மா!" - நிஜமாகவா?

பெரியகுளம், தேவதானப்பட்டிப் பக்கம் மாந்தோப்பில் நாலு வருஷம் வேலை பார்த்தவரிடம் கேட்டுப் பாருங்கள். காய் விளைந்துவிட்டதா என்பதற்கு வெறும் நிறத்தை நம்ப மாட்டார். காம்பைச் சுற்றித் தோள் புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்படியும் சந்தேகமா? ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும். விளைந்த காய் முழுகும், விளையாதது மிதக்கும்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம். ராத்திரி பன்னிரண்டு மணிவரை லைட் எரிகிறது, புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டிருக்கிறது, "எல்லாம் படிச்சிட்டேன்ம்மா" என்று பிள்ளையும் சொல்கிறது. சரி, தயாராகிவிட்டது என்று நினைத்துக் கொள்கிறோம். இதற்கு நேர் எதிரான வீடுகளும் உண்டு. நன்றாகவே படித்திருக்கும் பெண், "ஒண்ணுமே மண்டையில நிக்கலம்மா, இந்தத் தடவை எழுதல" என்று அழும். அதையும் நம்பிவிடுகிறோம்.

இந்த இரண்டு பிள்ளைகளுமே பொய் சொல்லவில்லை. தன் மனசுக்குத் தோன்றுவதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தோற்றம் எந்த அளவுக்கு ஏமாற்றும், அதைச் சரிபார்க்க வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கிரெடிட் பரீட்சை என்றால்?

நம் காலத்தில் பி.ஏ.வோ பி.காம்.மோ படித்தவர்களுக்கு 'பேப்பர்' தெரியும், 'அரியர்' தெரியும். இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'கிரெடிட்' என்பது அன்றாட வார்த்தை. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு. பட்டம் வாங்க மொத்தம் இத்தனை சேர்த்தாக வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கல்லூரி வகுப்பில் உட்காராமல், தானே படித்து, வெளியில் பரீட்சை எழுதிச் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

அமெரிக்காவில் 1960களிலிருந்தே 'கிளெப்' என்ற தேர்வு நடக்கிறது. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று கேட்க மாட்டார்கள். 20-லிருந்து 80 வரையான அளவில் 50 வாங்கினால், அதை ஏற்கும் கல்லூரிகள் பலவற்றில் அந்தப் பாடத்துக்கான கிரெடிட் கிடைத்துவிடும். நம் நாட்டில் இதற்கு நெருக்கமான உறவுக்காரர் என்றால் 'ஸ்வயம்'தான். 2017-ல் மத்திய அரசு தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்திவரும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களும் இப்போது இதில் அடக்கம். ஒரு செமஸ்டரில் வருகிற பாடங்களில் 40 சதவிகிதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம் என்று 2021-ல் யு.ஜி.சி. விதி செய்தது. எந்தப் பாடத்தை ஏற்பார்கள் என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. அதனால் சேருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்த என்.பி.டி.இ.எல். கணக்கைப் பெற்றோர் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். பாடம் கேட்பது இலவசம். பரீட்சை எழுதத்தான் பணம், பல வருஷமாக ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். வாரா வாரம் வருகிற அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், கடைசியில் நேரில் போய் எழுதும் மூன்று மணி நேரப் பரீட்சைக்கு 75. அசைன்மென்ட்டில் 25-க்கு 10, பரீட்சையில் 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாக வாங்கினால்தான் சான்றிதழ்.

வினையே இந்தத் 'தனித்தனியாக'வில்தான். அசைன்மென்ட்டை வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்து, சில சமயம் சிநேகிதிக்குப் போன் போட்டுக் கேட்டும் முடிக்கலாம். 25-க்கு 24 என்று வரும். "பாருங்கப்பா, எல்லாத்துலயும் இருபத்திநாலு, பரீட்சையெல்லாம் ஊதித் தள்ளிருவேன்" என்று பிள்ளை சொல்லும். பரீட்சையிலோ புத்தகம் இல்லை, சிநேகிதி இல்லை. அங்கே 28 வந்தால்? மொத்தம் 52 ஆகிறது. ஆனால் சான்றிதழ் கிடையாது, கிரெடிட்டும் கிடையாது. அந்தப் பாடத்தை மறுபடி நடத்தும்போது திரும்பப் பணம் கட்டி எழுத வேண்டும். கடைசி செமஸ்டர் பிள்ளையாக இருந்தால் பட்டமே தள்ளிப் போகலாம். ஆயிரம் ரூபாயை விட அதுதான் பெரிய நஷ்டம்.

பரிச்சயம் வேறு, ஞாபகம் வேறு

அதே பாடத்தை நாலாவது தடவை வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த வரி என்ன என்று முன்கூட்டியே தெரிவது போல இருக்கும். இந்தச் சுலபத்தை மூளை 'எனக்குத் தெரியும்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. உண்மையில் அது வெறும் பரிச்சயம். தெருவில் தினம் பார்க்கிற முகம்தான், பேரைச் சொல் என்றால் வாயில் வராது. அந்த மாதிரி.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒரு கோஷ்டி மாணவர்கள் ஒரு பாடப் பகுதியை நாலு தவணை வாசித்தார்கள். இன்னொரு கோஷ்டி ஒரே ஒரு தவணை வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 சதவிகிதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கதை தலைகீழ். வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61! இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 'ஒரு வாரத்துக்குப் பின் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டதற்கு, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான்.

ஆக, யார் மறக்கப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் தைரியம் அதிகம். படித்து முடித்த சூட்டோடு "ரெடியா?" என்று பிள்ளையைக் கேட்பதில் அர்த்தமே இல்லை என்பது இதிலிருந்து புரியும். ஒரு நாள் போகட்டும். ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதனை எலியாக வைத்துக் கண்டுபிடித்த விஷயம் இது. அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்தார். அவர் அளந்த முறைப்படி, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அர்த்தமுள்ள பாடம் அவ்வளவு வேகமாகக் கரையாது. ஆனாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு எது நிற்கிறதோ, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வாளித் தண்ணீர் சோதனை

இனி விஷயத்துக்கு வருவோம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பழைய வினாத்தாளோ, போன வருஷம் அதே பாடத்துக்கு வந்த அசைன்மென்ட் கேள்விகளோ சேர்த்து ஐம்பது கேள்வி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வருஷம் தானே செய்த அசைன்மென்ட் வேண்டாம். விடை ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கும், நிறம் காட்டி ஏமாற்றும். முந்தின நாள் அந்தப் பாடத்தைத் தொடக்கூடாது. போன் அம்மாவின் முந்தானையில் இருக்கட்டும். பரீட்சைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஒரே மூச்சில் உட்கார வேண்டும். பாதியில் எழுந்து வந்து டிபன் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தால் அது சோதனை இல்லை, பொழுதுபோக்கு.

விடை எழுதும்போதே ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அடையாளம் போட வேண்டும். நிச்சயம் தெரியும் என்றால் டிக். குத்துமதிப்பு என்றால் கேள்விக்குறி. திருத்தும்போது இந்த அடையாளம்தான் உண்மையைச் சொல்லும்.

எப்படி என்று பாருங்கள். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே நாலுக்கு ஒன்று சரியாகும். ஐம்பது கேள்வியில் உங்கள் பெண்ணுக்கு உண்மையாகத் தெரிந்தது பதினாலுதான் என்று வைத்துக்கொள்வோம். மீதி முப்பத்தாறில் குருட்டாம்போக்கில் ஒன்பது சரியாகிவிடும். மொத்தம் 23, அதாவது 46 சதவிகிதம். பாஸ்! ஆனால் அந்த ஒன்பது அன்றைக்கு ஒன்பதாக வந்தது, பரீட்சை நாளில் ஐந்தாகவும் வரலாம். அப்போது 19, பாஸுக்குத் தேவையான 20-க்கு ஒன்று குறைவு. இந்த ஒற்றை மார்க்கில் விழுந்த பிள்ளைகள்தான் "எனக்கு ராசியில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அதனால் என் யோசனை இது. 40 சதவிகிதம் பாஸ் என்றால், வீட்டுச் சோதனையில் டிக் போட்டு, சரியாகவும் இருந்தவை மட்டுமே 40 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டும். குத்துமதிப்பையும் சேர்த்தால் 60 பக்கம் நிற்க வேண்டும். ஒரு தடவை போதாது, ஒரு வாரம் இடைவெளி விட்டு வேறு கேள்விகளில் இன்னொரு தடவை. இரண்டிலும் அப்படி நின்றால் காய் முழுகிவிட்டது என்று அர்த்தம்.

டிக் போட்டுத் தப்பானவை இருக்கிறதே, அவற்றைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று அறிந்தவர் தேடிப் படிப்பார். தப்பாகத் தெரிந்ததைச் சரி என்று நினைப்பவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். நல்ல செய்தியும் உண்டு. நம்பிக்கையோடு சொன்ன தப்பைச் சுட்டிக்காட்டித் திருத்தினால், அந்தத் திருத்தம் மனசில் பலமாகப் பதிகிறது என்று 2001-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. "அடச்சே, இதுவா!" என்கிற அதிர்ச்சிக்கு அப்படி ஒரு பலன்.

அம்மாவுக்குப் பாடம் தெரிய வேண்டாம்

"அதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். நீங்கள் பத்தாவது படித்தவராக இருந்தாலும் பிள்ளையைச் சோதிக்கலாம். வெங்காயம் உரித்துக்கொண்டே, "என்ன பாப்பா, இன்னிக்கு என்ன படிச்ச? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்" என்று கேட்டால் போதும். "அதாம்மா... அது வந்து... உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்று மூன்று தடவை வந்தால், உங்களுக்கு மட்டுமில்லை, அவளுக்கும் அந்த இடம் புரியவில்லை.

நமக்கே இந்தக் கோளாறு உண்டு. பிரஷர் குக்கரைத் தினமும்தான் வைக்கிறோம். வெயிட் ஏன் எழும்புகிறது, உள்ளே ஏன் சீக்கிரம் வேகிறது என்று ஒரு குழந்தை கேட்டால், இரண்டாவது வாக்கியத்திலேயே திணறுவோம். ரோசன்பிளிட், கைல் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் ஜிப், பூட்டு போன்ற சாதாரணப் பொருட்களை வைத்தே இதைக் காட்டினார்கள். எனக்கு நன்றாகத் தெரியும் என்று தனக்கே மதிப்பெண் போட்டவர்கள், விளக்கிச் சொல் என்றதும் அந்த மதிப்பெண்ணைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள்.

படபடப்பை அளவுகோலாக வைக்காதீர்கள்

இரண்டு சோதனையிலும் 70 வாங்கிய பெண், பரீட்சைக்கு முந்தின வாரம் கை சில்லிட்டு, வயிற்றைக் கலக்கி, "நான் எழுதல" என்கிறாளா? இங்கே அவள் உடம்பு சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயம் வேகமாக அடிப்பது, வியர்ப்பது, அடிக்கடி பாத்ரூம் போவது எல்லாம் அட்ரினலின் செய்கிற வேலை. படித்திருக்கிறாளா இல்லையா என்பது அட்ரினலினுக்குத் தெரியாது. முக்கியமான ஒன்று வரப் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கல்யாண மேடையிலும் இதே படபடப்புதான்.

2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாரான மாணவர்களிடம் நடந்தது. 'படபடப்பு வந்தால் பயப்படாதீர்கள், அது உங்களுக்கு உதவக்கூடும்' என்று சிலருக்கு மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். கணக்குப் பகுதியில் அவர்கள்தான் கூடுதலாக வாங்கினார்கள். "பயப்படாதே, பயப்படாதே" என்று பத்துத் தடவை சொல்வதை விட, "நெஞ்சு அடிக்குதா, அடிக்கட்டும், உடம்பு ரெடியாகுது" என்று ஒரு தடவை சொல்வது மேல்.

பயத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சு இல்லை, "நான் இருந்து என்ன" என்பது போன்ற வார்த்தை வாயில் வருகிறது என்றால் பரீட்சையை மறந்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சும்மா சொல்கிறாள் என்று விடாதீர்கள். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 இரண்டிலும் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் மூளை, ரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது கலந்தவரின் வேகத்தில்தான் வேலை செய்கிறது என்று 1997-லேயே ஆஸ்திரேலியாவில் அளந்திருக்கிறார்கள். காலை ஐந்துக்கு எழுந்த பிள்ளைக்கு ராத்திரி பத்தோடு அந்தப் பதினேழு முடிகிறது. அதற்கு மேல் படிப்பது கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம். மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு.

எழுதலாமா, தள்ளலாமா?

பணம் கட்டக் கடைசித் தேதி பாடம் முடிவதற்கு முன்பே வந்துவிடும். அப்போது முழுப் பாடத்திலும் சோதிக்க முடியாது. அதுவரை நடந்த வாரங்களில் மட்டும் இருபது கேள்வி வைத்துப் பாருங்கள். முதல் நாலு வார விஷயம் ஆறாவது வாரத்திலும் நிற்கிறதா? நின்றால் தைரியமாகக் கட்டலாம்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு டிக் மார்க் 25 சதவிகிதத்திலேயே நிற்கிறது, முந்தின சோதனையிலிருந்து நகரவே இல்லை என்றால் யோசிக்க வேண்டியதுதான். இந்தக் கிரெடிட் இந்த செமஸ்டரில் இல்லாவிட்டால் பட்டம் நின்றுவிடுமா என்று துறையில் கேளுங்கள். நிற்காது என்றால் அடுத்த தவணைக்குத் தள்ளுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. 25-லிருந்து 35-க்கு ஏறியிருந்தால் அது வேறு விஷயம். ஏறுகிற காய் இன்னும் இரண்டு வாரத்தில் விளைந்துவிடும், எழுதட்டும்.

இரண்டு தடவையும் 65, 70 வாங்கிவிட்டு "இன்னும் ஒரு ரிவிஷன், அடுத்த வருஷம் எழுதறேன்" என்கிற பிள்ளைகளுக்கு நான் கொஞ்சமும் தயவு காட்ட மாட்டேன். எழுது என்று அனுப்பி வைக்க வேண்டும். தள்ளிப் போட்டால் ஏறாது, மறக்கத்தான் செய்யும்.

தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சி அம்மனுக்குப் பூட்டிய கதவின் முன்தான் பூஜை. பரீட்சைக்கு முன்னால் அங்கே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவது நல்லதுதான், மனசு லேசாகும். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தையும் பூட்டி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கட்டும்.

பரீட்சை மதுரையில் என்றால், வத்தலக்குண்டு வழியாக எப்படியும் இரண்டு மணி நேரப் பயணம். காலைத் தேர்வு ஒன்பது மணிக்கு, பிற்பகல் தேர்வு இரண்டு மணிக்கு. பதிவு செய்யும்போது தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் பிற்பகலை எடுங்கள். காலை என்றால் முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது உத்தமம், அங்கே ராத்திரி டி.வி. ஓடாமல் இருந்தால். ஹால் டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் முந்தின நாளே பையில் ஏறிவிட வேண்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியே போதும், ஸ்பெஷலாக எதுவும் வேண்டாம். பஸ்ஸில் வாந்தி வருகிற பிள்ளையா? கடையில் வாங்கிக் கொடுக்கும் வாந்தி மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைப்பவை. மூன்று மணி நேரம் கணினி முன் உட்கார வேண்டிய நாளில் அதை முதல்முறையாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. முன் சீட்டு, ஜன்னல் ஓரம், கையில் ஒரு எலுமிச்சம்பழம். அப்படியும் சரிப்படாது என்றால், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை ஒரு வாரம் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.